தொண்ணூறு நொடிப் பாட்டின் ராணி

ஒரு கார்ட்டூன் தொடரை ஒருநாளும் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்குக்கூட அதன் தொடக்கப் பாட்டு தெரிந்திருக்கும். அடுப்படியில் வேலையாக இருக்கும் அம்மாவின் காதிலும், கூடத்தில் பேப்பர் படிக்கும் தாத்தாவின் காதிலும் தினம் தினம் விழுந்து அது மனப்பாடமாகிவிடும். ஆனால், பாடியது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. திரையின் ஓரத்தில் ஒரு கணம் வந்து மறையும் பெயரை எந்தக் குழந்தைதான் படிக்கும்?

ஜப்பானில் 1970-களில் வளர்ந்த குழந்தைகள் பலரும் அப்படிப் படிக்காமல் விட்ட ஒரு பெயர், மிட்சுகோ ஹோரியே. ரசிகர்கள் செல்லமாக அழைப்பது 'மிச்சி' என்று. இன்று அவரை 'அனிமே பாடல்களின் ராணி' என்கிறார்கள். இந்தப் பட்டம் வந்து சேர்ந்தது மெதுவாகத்தான். அனிமேவுக்குப் பாடுகிறவரைப் பாடகர் என்று மதிக்கவே பலர் தயங்கிய காலத்தில் பாட வந்தவர் அவர்.

பன்னிரண்டு வயதில் மைக் முன்னால்

1957 மார்ச் 8-ம் தேதி, டோக்கியோவை அடுத்த கனகாவா மாகாணத்தில் பிறந்தவர் ஹோரியே. 1969-ல் அவர் பாடிய முதல் தொடர் 'குரெனாய் சன்ஷிரோ'. அப்போது அவருக்கு வயது 12.

தொடரின் கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சிவப்பு நிற ஜூடோ உடை, மோட்டார் சைக்கிள், அப்பாவைக் கொன்றவனைத் தேடி ஊர் ஊராகச் சுற்றும் ஓர் இளைஞன். கொலை நடந்த இடத்தில் கிடைத்த ஒரு செயற்கைக் கண்தான் அவன் கையில் இருக்கும் ஒரே தடயம். அதனால் ஒற்றைக் கண் ஆளைத் தேடுகிறான். பழிவாங்கும் கதை, பையன்கள் பார்க்கும் தொடர். அதற்குப் பாட அழைத்தது பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுமியை!

அந்தப் பாட்டை இன்று கேட்டாலும், குழந்தைக் குரல் என்று சலுகை கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. சுருதி பிசகாத, நேராகப் போய்த் தைக்கிற குரல். ஒரு வருடம் கழித்து, 1970-ல் 'மாஹோ நோ மாகோசான்' என்ற தொடர். மனிதப் பெண்ணாக மாறிய கடல்கன்னியின் கதை. அதற்கும் அவர்தான் பாடினார். 1973-ல் 'மிராக்கிள் ஷோஜோ லிமிட்சான்'. இப்படி வருடத்துக்கு வருடம் வரிசை நீண்டது. தன் வயதுப் பிள்ளைகள் டிவி முன் உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்த டிவிக்குள் இருந்து பாடிக்கொண்டிருந்தார் அவர்.

'அதெல்லாம் குழந்தைப் பாட்டு'

அன்று 'அனிமே' என்ற சொல்லே பரவலாகப் புழங்கவில்லை. 'டிவி மாங்கா' என்பார்கள். அதன் பாடல்கள் சிறுவர் பாடல் வரிசையில் சேரும். படக்கதைப் புத்தகத்தோடு இணைத்து, காகிதம்போல் மெல்லிய பிளாஸ்டிக் ரெக்கார்டுகளாகவும் அவற்றை விற்றார்கள். குழந்தை போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டுத் தூக்கிப் போடும் பொருள். அதில் பாடியவரின் புகைப்படத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. உறையில் கதாநாயகனின் படம் இருக்கும், அவ்வளவுதான்.

அதே காலத்தில் ஜப்பானில் 'ஐடல்' பாடகிகளின் அலை அடித்தது. 1973-ல் 14 வயதில் அறிமுகமான மொமோயே யமகுச்சி, சில ஆண்டுகளில் நாடே கொண்டாடும் நட்சத்திரமானார். சினிமாவிலும் நடித்தார். ஹோரியேவைவிட இரண்டு வயது இளையவர். இருவரும் பாடகிகள், இருவரும் பதின்பருவத்தினர். ஒருவரின் முகம் எல்லா வார இதழ் அட்டைகளிலும் வந்தது. இன்னொருவரின் குரல் எல்லா வீடுகளுக்கும் போனது, முகம் மட்டும் போகவில்லை.

பணத்திலும் அதே நிலைதான். இதைப் புரிந்துகொள்ள இன்னொரு பாடகரின் கதை உதவும். அனிமே பாடல்கள் பாடிவந்த மசாடோ ஷிமோன், 1975-ல் ஒரு சிறுவர் டிவி நிகழ்ச்சிக்காக 'ஒயோகே! தாயாகி-குன்' என்ற பாட்டைப் பாடினார். மீன் வடிவ இனிப்புப் பலகாரம் ஒன்று கடலுக்குள் தப்பிப் போகும் வேடிக்கைப் பாட்டு. 45 லட்சத்துக்கும் அதிகமான ரெக்கார்டுகள் விற்று, ஜப்பானிலேயே மிக அதிகம் விற்ற தனிப்பாட்டு ஆனது. பாடியதற்கு அவருக்குப் பேசிய கூலி 50,000 யென். ஒரே தடவை, அத்தோடு சரி. எத்தனை லட்சம் விற்றாலும் ஒப்பந்தப்படி அதற்கு மேல் கேட்க முடியாது. குழந்தைகளுக்குப் பாடுகிறவர்களின் மதிப்பு அன்று அப்படி இருந்தது.

சின்னப் பாட்டு, பெரிய வேலை

டிவியில் ஒலிக்கும் தொடக்கப் பாட்டின் நீளம் பெரும்பாலும் ஒன்றரை நிமிடம். அந்த 90 நொடிக்குள் கதாநாயகன் யார், அவன் எங்கே போகிறான், கதை சிரிப்பா கண்ணீரா எல்லாம் கேட்பவருக்குப் புரிந்துவிட வேண்டும். சினிமாப் பாட்டென்றால் கதை பாதி தூரம் நடந்த பிறகு வரும். பார்வையாளருக்கு அதற்குள் பாத்திரத்தின் மேல் ஒட்டுதல் வந்திருக்கும். இங்கே கதை தொடங்குவதற்கு முன்பே பாட்டு வந்துவிடுகிறது. ஒட்டுதலை உண்டாக்குவதே பாட்டின் வேலை.

பாடும்போது முழுப் படமும் கையில் இருக்காது. வரைந்து முடித்திருக்க மாட்டார்கள். சில ஓவியங்கள், கதைச் சுருக்கம், பாட்டு வரிகள். இவற்றை வைத்தே அந்தப் பாத்திரத்தின் மனசைப் பாடகி பிடித்துவிட வேண்டும். அதோடு, கேட்பது குழந்தை என்பதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளையும் கேட்டே பாடப் போகிறது. உச்சரிப்பில் கொஞ்சம் குழைந்தாலும் நாடு முழுக்கக் குழந்தைகள் தப்பாகப் பாடுவார்கள்.

ஹோரியேவின் தனித்தன்மை இங்கேதான். பெரிய வாத்தியக் குழு, 'கோரோகி '73' என்ற ஆண்கள் குழு, 'கொலம்பியா யுரிகாகோ-காய்' என்ற சிறுவர் குழு என எத்தனை பேர் பின்னால் பாடினாலும், அவர் குரலின் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்கும். 1975-ல் வந்த 'கோரெஞ்சர்' தொடரின் பாட்டில் கனத்த குரல்காரர் இசாவோ சசாகியோடு சேர்ந்து பாடினார். ஐந்து வண்ண வீரர்கள் சேர்ந்து போரிடும் அந்தத் தொடரிலிருந்துதான், 'பவர் ரேஞ்சர்ஸ்' என உலகமே பிறகு பார்த்த 'சூப்பர் சென்டாய்' வரிசை கிளைத்தது.

புள்ளி முகத்துக் கேண்டி

1976 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை மாலை 7 மணி. 'கேண்டி கேண்டி' தொடர் ஆரம்பமானது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிப் பக்கத்தில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்கிறாள் கேண்டி. மூக்கைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக இருக்கும் முகம். பணக்கார வீட்டில் வேலைக்காரியாகி, அவமானப்பட்டு, அன்பானவர்களை இழந்து, கடைசியில் நர்ஸ் ஆகிறாள்.

கேண்டிக்கு வசனம் பேசியவர் மினோரி மட்சுஷிமா. தொடக்கப் பாட்டைப் பாடியவர் ஹோரியே, அப்போது வயது 19. குழந்தைக் குரல் முதிர்ந்து பெண் குரலாகிவிட்ட நேரம். ஆனாலும் அதில் ஒரு சிறுமியின் குறும்பு மிச்சமிருந்தது. அழவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டுப் போகிற கேண்டியின் குணத்துக்கு அது அப்படியே பொருந்தியது. பாட்டெழுதியவர், கதையை எழுதிய கெய்கோ நகிடாவேதான். 'கியோகோ மிஸுகி' என்ற புனைபெயரில் கேண்டியின் கதையை எழுதியவர், பாட்டைச் சொந்தப் பெயரில் எழுதினார்.

தொடர் 1979 பிப்ரவரி வரை 115 அத்தியாயங்கள் ஓடியது. பாட்டைத் தெரியாத பெண் பிள்ளையே ஜப்பானில் இல்லை என்ற அளவுக்குப் போனது.

தொடர் ஜப்பானைத் தாண்டி இத்தாலி, பிரான்ஸ் என்று பயணம் செய்தது. ஆனால், அங்கெல்லாம் உள்ளூர் மொழியில், உள்ளூர்ப் பாடகர்களின் குரலில் புதுப் பாட்டு போட்டுக்கொண்டார்கள். கேண்டி போன ஊர்களுக்கெல்லாம் ஹோரியே போக முடியவில்லை.

ஒரே ஒரு நாட்டில் நடந்தது வேறு கதை. அதுவும் வேறொரு பாட்டால்.

ஒரு சர்வாதிகாரி தடை செய்த தொடர்

1977-ல் வந்தது 'வோல்டெஸ் ஃபைவ்'. ஐந்து விமானங்கள் ஒன்றாக இணைந்து பிரம்மாண்ட ரோபோவாகும் கதை. ரோபோ தொடர் என்றால் இடி முழங்குவதுபோல் ஆண் குரல் பாடுவதுதான் அன்றைய வழக்கம். 'மாஸிங்கர் இசட்' தொடரில் இச்சிரோ மிஸுகி போட்ட பாதை அது. அதற்கு மாறாக, இந்த ரோபோவுக்கு 20 வயது ஹோரியே பாடினார்.

வெளிப் பார்வைக்குச் சண்டைக் கதை. உள்ளே இருப்பது மூன்று சகோதரர்கள் தொலைந்துபோன அப்பாவைத் தேடும் கதை. எதிரியின் கிரகத்தில் கொம்பு உள்ளவர்கள் ஆளப் பிறந்தவர்கள், கொம்பில்லாதவர்கள் அடிமைகள். பிறப்பால் மேல் கீழ் பிரிக்கும் அந்த அரசை அடிமைகள் சேர்ந்து கவிழ்ப்பதில் கதை முடிகிறது.

அடுத்த ஆண்டே பிலிப்பைன்ஸ் டிவியில் இது ஒளிபரப்பானது. வசனங்களை ஆங்கிலத்தில் டப்பிங் செய்தார்கள். பாட்டை மட்டும் ஜப்பானிய மொழியிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தைகூட அர்த்தம் தெரியாமல் பிலிப்பைன்ஸ் குழந்தைகள் அதைப் பாடினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் அந்த நாடு பட்ட பாடு கொஞ்சமல்ல. அதைக் கண்ணால் பார்த்த தாத்தா பாட்டிகள் இருந்த அதே வீடுகளில், பேரப் பிள்ளைகள் ஜப்பானிய மொழியில் பாடிக்கொண்டு ஓடினார்கள்.

1979-ல் அதிபர் பெர்டினாண்ட் மார்கோஸ் தொடருக்குத் தடை போட்டார். வன்முறை அதிகம் என்பது சொன்ன காரணம். அரசைக் கவிழ்க்கும் கதை என்பதுதான் உண்மைக் காரணம் என்று மக்களில் பலர் பேசிக்கொண்டார்கள். கடைசிச் சில அத்தியாயங்களே பாக்கி இருந்தன. அண்ணன் தம்பிகள் அப்பாவைக் கண்டுபிடித்தார்களா இல்லையா என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. முடிவு பறிபோனாலும் பாட்டு அவர்களிடமே இருந்தது. 1986-ல் மக்கள் எழுச்சியில் மார்கோஸ் நாட்டைவிட்டே ஓடினார். 'நாங்கள் வோல்டெஸ் ஃபைவ் தலைமுறை' என்று சொல்லிக்கொள்ளும் பிலிப்பைன்ஸ்காரர்கள் இன்றும் உண்டு.

2023-ல் பிலிப்பைன்ஸ் டிவி ஒன்று நிஜ நடிகர்களை வைத்து அதே கதையை மறுபடி எடுத்தது. தொடக்கப் பாட்டைப் பாடிய உள்ளூர்ப் பாடகி ஜூலி ஆன் சான் ஹோசே, அதை ஜப்பானிய மொழியிலேயே பாடினார். மொழிபெயர்த்திருந்தால் ஊரே சண்டைக்கு வந்திருக்கும்!

பாடகி பேச ஆரம்பித்தார்

ஜப்பானில் குரல் நடிப்பு தனித் தொழில். அவர்களை 'செய்யூ' என்பார்கள். பாடுவதும் பேசுவதும் ஒரே தொண்டையில் இருந்து வந்தாலும் வேலை வேறு. பாடகி மைக் முன் தனியாக நிற்கலாம். குரல் நடிகைக்கு அந்த வசதி கிடையாது. ஒரே அறையில் எல்லோரும் கூடி, சில மைக்குகளை மாறி மாறிப் பயன்படுத்த வேண்டும். தன் வசனம் வரும்போது சத்தமில்லாமல் எழுந்து வந்து, திரையில் உதடு அசையும் நேரத்துக்குள் பேசிவிட்டு விலக வேண்டும். கையில் இருக்கும் வசனத் தாள் சரசரத்தால்கூட எல்லோரும் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

1980-ல் 'மாஹோ ஷோஜோ லாலாபெல்' தொடரில் மந்திர உலகத்திலிருந்து பூமிக்கு வந்து விழுந்து, வயதான தம்பதி வீட்டில் வளரும் சிறுமிக்குப் பாட்டும் ஹோரியே, பேச்சும் ஹோரியே. அதுவரை கதையின் வாசலில் நின்று வரவேற்றவர், வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார்.

1986-ல் 'பொலியானா'. எலனார் போர்ட்டர் 1913-ல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த தொடர். அம்மா அப்பாவை இழந்து, கண்டிப்பான சித்தி வீட்டுக்கு வரும் சிறுமி. பொம்மை வேண்டும் என்று காத்திருந்தவளுக்கு நன்கொடைப் பெட்டியில் ஒருமுறை ஊன்றுகோல் வந்துசேர்ந்தது. 'இது நமக்குத் தேவைப்படவில்லையே, அதற்குச் சந்தோஷப்படலாம்' என்று அப்பா கற்றுக்கொடுக்கிறார். எதிலும் ஒரு சந்தோஷத்தைத் தேடும் விளையாட்டு அப்படித் தொடங்குகிறது. பிறகு ஒரு விபத்தில் அவளுக்கே நடக்க முடியாமல் போகும்போது, அந்த விளையாட்டு என்ன ஆகிறது என்பதுதான் கதையின் உயிர்.

முப்பதை நெருங்கிய ஹோரியே அந்தச் சிறுமிக்குப் பேசினார். வருடம் முழுக்க 51 அத்தியாயங்கள். இதில் ஒரு வேடிக்கை, தொடக்கப் பாட்டு அவருடையது அல்ல. நாடறிந்த அனிமே பாடகி உள்ளே பேசிக்கொண்டிருக்க, பாட்டை வேறொருவர் பாடினார். பாட்டுக்காரி என்ற துணை இல்லாமல், வெறும் நடிப்பால் மட்டும் நின்ற இடம் அது.

நல்ல பிள்ளைக் குரல் என்று முத்திரை விழுந்தவர்களுக்கு வில்லி வேடம் எளிதில் வராது. அவருக்கு வந்தது. 1988-ல் 'செயின்ட் செய்யா' தொடரில் ஹில்டா. நல்லவளாக இருந்து, சபிக்கப்பட்ட மோதிரத்தால் மாறிப்போகும் வடநாட்டுத் தலைவி. 1996-ல் 'சைலர் மூன்' தொடரின் கடைசிப் பகுதியில் சைலர் கேலக்ஸியா. நட்சத்திரங்களைப் பறித்துச் சேர்க்கும் பொன்னிறக் கவசக்காரி. கேண்டியின் பாட்டைக் கேட்டு வளர்ந்த பெண்கள் தங்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்தபோது, அதே குரல் இப்போது பயமுறுத்தியது.

படம் பூட்டிய பெட்டியில்

இதற்கிடையே கேண்டிக்கு ஒரு சோகம் நேர்ந்தது. கதை எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் உரிமை யாருக்கு என்பதில் தகராறு மூண்டு, வழக்கு ஜப்பானின் உச்ச நீதிமன்றம் வரை போனது. கதை எழுதியவருக்கும் அதில் உரிமை உண்டு, அவர் சம்மதம் இல்லாமல் படங்களைப் பயன்படுத்த முடியாது என்று 2001-ல் தீர்ப்பு வந்தது. வழக்கு முடிந்தது, மனக்கசப்பு முடியவில்லை. இருவரும் சேர்ந்து சம்மதித்தால்தான் புத்தகமோ தொடரோ வெளியே வரும். ஒரு காலத்தில் நாடே பார்த்த தொடர், இன்று முறைப்படி வாங்கவோ பார்க்கவோ முடியாததாகிவிட்டது.

பாட்டுக்கு அந்தப் பூட்டு இல்லை. மேடையில் ஹோரியே அதைப் பாடுகிறார். அன்று வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்த சிறுமிகளுக்கு இன்று அறுபது வயது. தங்கள் பேத்திகளுக்குக் காட்ட அவர்களிடம் கேண்டியின் படம் இல்லை. பாடிக் காட்ட பாட்டு இருக்கிறது.

நால்வரில் ஒருவர்

மெல்ல மெல்லக் காலம் மாறியது. 'டிவி மாங்கா பாட்டு' என்ற இளக்காரம் போய், 'அனிசோங்' என்ற பெயரும் மரியாதையும் வந்தன. பெரிய அரங்குகள் நிறைந்தன. முன்னணிப் பாடகர்களே அனிமேவுக்குப் பாட வரிசையில் நின்றார்கள். அந்தப் பாதையை வெட்டியவர்கள் என்று நான்கு பேரைச் சொல்வார்கள்: இச்சிரோ மிஸுகி, இசாவோ சசாகி, குமிகோ ஓசுகி, மிட்சுகோ ஹோரியே. நால்வரில் மிகச் சிறு வயதில் வந்தவர் ஹோரியே. 2019-ல் அவர் பாட வந்து 50 ஆண்டுகள் நிறைந்தன. பாடிய பாடல்கள் ஆயிரத்தைத் தாண்டும்.

மிஸுகியும் ஹோரியேவும் சேர்ந்து, 'இருவரின் அனிசோங்' என்ற பெயரில் தொடர்ந்து மேடைக் கச்சேரிகள் நடத்தினார்கள். 2022-ல் தனக்கு நுரையீரல் புற்றுநோய் என்று மிஸுகி வெளிப்படையாக அறிவித்தார். பாடுவதை நிறுத்த மட்டும் ஒப்பவில்லை. நவம்பர் 27-ம் தேதி சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து பாடினார். பக்கத்தில் ஹோரியே. டிசம்பர் 6-ம் தேதி, 74 வயதில் மிஸுகி காலமானார். ஒன்பது நாள் இடைவெளிதான். குழந்தைப் பாட்டு என்று உலகம் ஒதுக்கிய காலத்தில் இருவரும் பிடித்த மைக்கை, ஒருவர் கடைசி மூச்சு வரை விடவில்லை. இன்னொருவர் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்று போனில் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளின் விரல், பாட்டு தொடங்கியதும் 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தானுக்குத் தானாகப் போகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால், அந்த ஒன்றரை நிமிடத்துக்காக யாரோ ஒருவர் படத்தையே பார்க்காமல், பார்க்கப் போகும் குழந்தையை மட்டும் மனசில் வைத்துப் பாடியிருக்கிறார். அடுத்த முறை ஒரே ஒரு தடவை அதை ஓடவிடுங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் வரும். பிள்ளையைக் கூப்பிட்டு, அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.